மாகாண சபைத் தேர்தல் எந்த முறையில்? அக்குறணைக்கும் திகனக்கும் ஒரே பதில் இல்லை

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக நாம் வாக்களித்தது 2013 செப்டெம்பரில். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் கீழ்தான் மாகாணம் நடக்கிறது. அன்று பாலர் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சையை நெருங்குகிறது.

எப்போது தேர்தல் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த முறையில் தேர்தல் என்று கேட்பவர்கள் குறைவு. கண்டி மாவட்ட முஸ்லிம்களுக்கு, அதிலும் திகன, குண்டசாலை, தெல்தெனிய பக்கத்தில் வாழ்பவர்களுக்கு, இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1959 எல்லை நிர்ணயத்தில் நாட்டில் 145 தொகுதிகள் உருவாகின. தெரிவாகும் உறுப்பினர்கள் 151 பேர். தொகுதியை விட உறுப்பினர் தொகை கூடியதற்குக் காரணம் பல அங்கத்தவர் தொகுதிகள். மத்திய கொழும்புக்கு 3 பேர். தென் கொழும்பு, மட்டக்களப்பு, மூதூர், அக்குறணை ஆகிய நான்குக்கும் தலா 2 பேர். மலையகத்தின் நடுவில் இருக்கும் அக்குறணை இந்தப் பட்டியலில் இடம்பெற்றது தற்செயல் அல்ல. ஓரிடத்தில் செறிந்து வாழும் சிறுபான்மைக்கும் ஓர் ஆசனம் கிடைக்க வழி விடுவதுதான் இரட்டை அங்கத்தவர் தொகுதியின் நோக்கம். தொகுதியில் பெரும்பான்மை சிங்களவர்கள். ஆனால் இரண்டு ஆசனம் இருக்கும்போது ஒன்று முஸ்லிம்களின் கைக்கு வரும்.

வந்தது. 1960 மார்ச்சில் மர்ஹூம் ஏ.ஸீ.எஸ். ஹமீத் அக்குறணையிலிருந்து பாராளுமன்றம் போனார். அதன் பின்னர் 1960 ஜூலை, 1965, 1970 என்று தொடர்ந்து வென்றார். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் அடிபட்டுப்போனபோதும் அவர் தோற்கவில்லை. 1976 எல்லை நிர்ணயத்தின் பின் தொகுதியின் பெயர் ஹாரிஸ்பத்துவ ஆனது; இரட்டை அங்கத்துவம் மட்டும் நீடித்தது. 1977 இல் அங்கிருந்து ஆர்.பி. விஜேசிறியும் ஹமீதும் தெரிவானார்கள். அதுவரை பிரதமர்களே வைத்திருந்த வெளிவிவகாரம் முதல் தடவையாகத் தனி அமைச்சருக்குப் போனது. அந்த அமைச்சர் ஹமீத். அக்குறணைக்காரர்கள் இதை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விடயத்தை நாம் கவனிப்பதில்லை. அந்த ஏற்பாடு அக்குறணைக்கு இருந்தது. கும்புக்கந்துறைக்கோ திகனக்கோ இருக்கவில்லை. குண்டசாலைத் தொகுதியில் முஸ்லிம்கள் ஓரிடத்தில் செறிந்து வாழ்பவர்கள் அல்லர். இங்கே நாற்பது வீடு, அங்கே நூறு வீடு, கடைத்தெருவில் ஒரு வரிசை, தோட்டத்து ஓரத்தில் ஒரு பள்ளிவாசல் என்று சிதறி வாழ்கிறோம். உடுதும்பர, தெல்தெனிய, ஹேவாஹெட்ட, யட்டிநுவர எல்லாம் கிட்டத்தட்ட இதே கதைதான். தொகுதிவாரி முறையில் இந்த இடங்களிலிருந்து ஒரு முஸ்லிம் தெரிவாவது கணக்கிலேயே சாத்தியமில்லை. கண்டி மாவட்டத்து முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்குத் தங்களவர் என்று சொல்ல ஓர் உறுப்பினர் இருந்தார்; மற்றவர்கள் ஹமீத் ஹாஜியாரின் வாசலுக்குப் போய் நின்றார்கள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இன்றும் வாக்கெண்ணும் தொகுதிகளாகப் பயன்படுவது அந்த 1976 வரைபடத்தின் எல்லைகள்தான். அப்போது விக்டோரியா நீர்த்தேக்கம் இல்லை. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்கு மேலே இருந்தது. 1985 இல் அணை திறக்கப்பட்டபோது ஊர்களும் வயல்களும் மூழ்கி, மக்கள் இடம்பெயர்ந்து, திகன இன்றுள்ள நகரமாக வளர்ந்தது. நிலமே மாறிவிட்டது, தொகுதி வரைபடம் மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்திய கோடுகள் இவை. புதிய கோடுகளை யார், எப்படி வரையப் போகிறார்கள் என்பதுதான் இன்றைய பிரச்சினையின் வேர்.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டு வந்தது. நடைமுறையில் நாம் அதைக் கண்டது 1989 பொதுத் தேர்தலில். முதலில் வெட்டுப்புள்ளி எட்டில் ஒன்று, அதாவது 12.5 வீதம். அப்படியே இருந்திருந்தால் சிறு கட்சிகளுக்கு வழியே இருந்திருக்காது. 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப், ரணசிங்க பிரேமதாசவிடம் வைத்த நிபந்தனையின் பலன் இது என்பது முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள் எந்த மேடையிலும் மறக்காமல் சொல்லும் கதை. அஷ்ரஃபை ஏற்காதவர்களும் இந்த ஒன்றை அவரது கணக்கில் வரவு வைப்பார்கள்.

விகிதாசாரம் கண்டியில் என்ன செய்தது? முழு மாவட்டமும் ஒரே தொகுதி. ஆசனங்கள் 12. முஸ்லிம்கள் சனத்தொகையில் சுமார் 14 வீதம். 12 இல் 14 வீதம் என்றால் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் வரும். ஆகவே நியாயமான பங்கு இரண்டு ஆசனம். திகனயில் இடும் வாக்கும் கம்பளையில் இடும் வாக்கும் அக்குறணையில் இடும் வாக்கும் ஒரே குவியலில் விழுகின்றன. சிதறி வாழ்வது முதல் தடவையாகக் குறையாக இல்லாமல் போனது.

இதோடு விருப்பு வாக்கு சேர்ந்தது. ஒரு வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி இட்டபின் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒரு கட்சிக்குள் முஸ்லிம் வாக்காளர்கள் ஒரு சிலருக்கே விருப்பு வாக்கைக் குவித்தால், சனத்தொகைப் பங்கையும் தாண்டி ஆசனம் வரும். 2010 பொதுத் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். கண்டியில் ஐக்கிய தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 4 ஆசனம் மட்டுமே. அதில் மூன்றை அப்துல் காதர், ரவூப் ஹக்கீம், எம்.எச்.ஏ. ஹலீம் எடுத்தார்கள், நான்காவது லக்ஷ்மன் கிரியெல்லவுக்கு. 2015 இல் முன்னணி மாவட்டத்தை வென்றது. ஹலீமும் ஹக்கீமும் ஒவ்வொருவரும் ஒரு இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்குப் பெற்றார்கள். 2020 இல் பொதுஜன பெரமுன 8 ஆசனங்களை அள்ளியது. ஐக்கிய மக்கள் சக்திக்கு மிஞ்சிய நான்கில் ஹக்கீம் 83,398, ஹலீம் 71,063, மலையகத் தமிழரான வேலுகுமார் 57,445 வாக்குகளோடு முன்னால் நிற்க, கண்டியின் பழைய பெருந்தலையான கிரியெல்ல நான்காவதாகத்தான் தேறினார்.

இந்த இலக்கங்களைப் பார்த்து நம்மவர்கள் மகிழ்ந்தார்கள். அதே இலக்கங்களை மறுபக்கம் எப்படிப் பார்த்தது என்பதையும் யோசிக்க வேண்டும். எதிர்க்கட்சிப் பட்டியலில் சிறுபான்மையினர்தான் வெல்கிறார்கள் என்றால், அந்தக் கட்சியின் சிங்கள அமைப்பாளர்களுக்கு அடுத்த தடவை வேலை செய்யும் ஆர்வம் எங்கிருந்து வரும்? ஆளும் பக்கத்தின் பெரிய பட்டியலில் நமக்கு என்ன இருந்தது? நம் விருப்பு வாக்கின் வெற்றி, நம்மை எதிர்க்கட்சி வரிசையில் குவித்த வெற்றியும்தான்.

2024 நவம்பர் இதைக் குலைத்தது. தேசிய மக்கள் சக்தி கண்டியில் 9 ஆசனம், ஐக்கிய மக்கள் சக்தி 2, புதிய ஜனநாயக முன்னணி 1. ஹக்கீம் மீண்டும் வந்தார், ஆனால் 2020 இல் பெற்ற விருப்பு வாக்கில் பாதி கூட இல்லாமல். ஆளும் கட்சிப் பட்டியலில் ரியாஸ் பாரூக் தெரிவானார். ஆக முஸ்லிம் உறுப்பினர் தொகை மாறவில்லை, அதே இரண்டு. ஆனால் ஒருவர் அரச பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். முஸ்லிம் வாக்கு ஒரே பெட்டியில் விழும் என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. உடைந்தது நல்லதற்கே என்பது என் எண்ணம். அதற்காக மனக்குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தேர்தலின் பின் அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் கூட இருக்கவில்லை. பிரதி அமைச்சர், பிரதி சபாநாயகர் என்று பதில் சொன்னார்கள். மேசையில் இருப்பதும் மேசைக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒன்றல்ல.

இனி திகனக்கு வருகிறேன். 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். கலப்பு முறையில் நடந்த முதல் தேர்தல் அது. பொதுஜன பெரமுன நாடு முழுவதும் வென்றது. சரியாக 12 நாட்களில், 22 ஆம் திகதி, தெல்தெனியவில் ஒரு சிங்களச் சாரதி முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டார். அவர் மார்ச் 3 ஆம் திகதி மரணித்தார். 5 ஆம் திகதி திகன எரிந்தது. ஒரு முஸ்லிம் இளைஞர் எரிந்த வீட்டுக்குள் உயிரிழந்தார். ஊரடங்கு போட்டும் அடங்கவில்லை. 6 ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்ட பிறகும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று பரவியது. தேர்தலுக்கும் தீக்கும் இடையே 23 நாட்கள். தேர்தல் முடிவுதான் கலவரத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அரசு ஆட்டம் கண்டிருந்த, யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்றே தெரியாத சில வாரங்கள் அவை என்பதைத்தான் சொல்கிறேன். சட்டம் ஒழுங்கு அமைச்சை பெப்ரவரி 25 ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தன் கையில் எடுத்தார். மார்ச் 8 ஆம் திகதி அது வேறொருவருக்குப் போனது. எரிந்தது இந்த இடைவெளிக்குள்.

இங்கேதான் மனதை உறுத்தும் கேள்வி வருகிறது. அந்த மார்ச்சில் கண்டி மாவட்டத்திலிருந்து ஒருவரல்ல, இரண்டு முஸ்லிம்கள் அமைச்சரவையில் இருந்தார்கள். ஹக்கீம் நகரத் திட்டமிடல், நீர் வழங்கல் அமைச்சர்; ஹலீம் தபால், முஸ்லிம் சமய விவகார அமைச்சர். சனத்தொகைப் பங்குக்குச் சரியான ஆசனம், அதற்கு மேல் இரண்டு அமைச்சுப் பதவி. இதை விடக் கூடுதலாக விகிதாசார முறை நமக்கு எதைத் தரப்போகிறது? அப்படியிருந்தும் முதல் இரண்டு நாட்களில் அவர்களால் செய்ய முடிந்தது தொலைபேசியில் பேசுவதும், வந்து பார்ப்பதும், பாராளுமன்றத்தில் பேசுவதும்தான். பொலிஸ் அவர்கள் கையில் இல்லை. குண்டசாலையின் சிங்கள வாக்கும் அவர்கள் கையில் இல்லை.

ஊரில் வயது போனவர்கள் சிலர் இதை வைத்துத்தான் பழைய முறையே நல்லது என்கிறார்கள். தொகுதி எம்.பி. சிங்களவராக இருந்தாலும் நம் வாக்கும் அவருக்குத் தேவைப்பட்டது, கடைத்தெருவில் கல் விழுந்தால் அவர் வந்து நின்றிருப்பார், இன்று 12 பேரும் எல்லா ஊருக்கும் எம்.பி., ஆகவே எந்த ஊருக்கும் இல்லை என்பது அவர்களின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. விருப்பு வாக்கு முறையில் ஒரு சிங்கள வேட்பாளர் திகன முஸ்லிம்களின் வாக்கே இல்லாமல் மாவட்டம் முழுவதும் தன் இனத்தின் வாக்கை மட்டும் திரட்டி வெல்லலாம். நம்மவர்களும் அப்படித்தான் வென்றார்கள். ஒருவருக்கொருவர் தேவைப்படாத அரசியல் அது. ஆனால் தொகுதி முறை இருந்த காலத்திலும் இந்த நாட்டில் இனக்கலவரம் நடந்தது என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. 1977 ஓகஸ்டில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது தொகுதிக்கொரு எம்.பி. இருந்தார்.

கலப்பு முறை இரண்டின் நல்லதையும் தரும் என்றார்கள். உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். 2018 இல் கண்டோம், 2025 மே 6 ஆம் திகதி மறுபடியும் கண்டோம். உறுப்பினர் தொகை 8,000 ஐத் தாண்டியதும், பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் இழுபறி வந்ததும் எல்லோரும் பேசியவை. நமக்கு முக்கியமான விடயம் வேறு. வாக்குச் சீட்டில் விருப்பு இலக்கம் இல்லை. வட்டாரத்தில் வெல்ல முடியாத சிறுபான்மை, பட்டியலில் யாராவது வருவார் என்று காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் யார் உள்ளே போவது என்பதைத் தேர்தல் முடிந்த பின் தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். விருப்பு இலக்கங்களைப் பிழையாகப் போட்டுவிடுவோமோ என்று பயந்து இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு வாக்களித்த வயோதிபப் பெண்களைப் பழைய தேர்தல்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட சிரமத்துக்கு ஒரு பெறுமதி இருந்தது: இன்னார் வர வேண்டும் என்று சொல்லும் உரிமை. உள்ளூராட்சி வாக்குச் சீட்டு எளிது. அந்த உரிமை அதில் இல்லை.

மாகாண சபைச் சட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். 2017 செப்டெம்பரில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு தரும் திருத்தமாக வந்த மசோதா, குழுநிலையில் முழுத் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாக வெளியே வந்தது. பாதி தொகுதி, பாதி பட்டியல். முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சியும் கடைசி நேரத்தில் பேரம் பேசி 60 ஐ 50 ஆக்கிவிட்டு ஆதரவாக வாக்களித்தன. அதைச் சாதனையாகச் சொன்னவர்களும் உண்டு. தீயை அணைக்காமல் விறகைப் பாதியாகக் குறைத்தது போல அது.

பின்னர் எல்லை நிர்ணயக் குழு. அதில் அங்கம் வகித்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஆவணப்படுத்திய அந்த மனிதர், முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் இதனால் குறையும் என்று கண்டு, அறிக்கையோடு உடன்படாமல் தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். சமூகத்தின் பெரிய கட்சிகள் கணக்குப் போடாத இடத்தில் ஓர் ஆசிரியர் வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டார். 2018 ஓகஸ்ட் 28 ஆம் திகதி அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். ஹஸ்புல்லாஹ் அதைப் பார்க்க இருக்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்னர் காலமாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக.

அறிக்கை தோற்றாலும் சட்டம் உயிரோடு இருக்கிறது. மீளாய்வுக் குழு அறிக்கை தரவில்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019 இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். முடியாது என்றது நீதிமன்றம். புதிய எல்லையும் இல்லை, பழைய சட்டமும் இல்லை. ஒன்றில் புதிய எல்லைகளை வரைந்து பாராளுமன்றத்தில் நிறைவேற்ற வேண்டும், அல்லது சட்டத்தைத் திருத்திப் பழைய விகிதாசாரத்துக்குத் திரும்ப வேண்டும்.

எல்லை வரைந்தால் என்ன நடக்கும்? அக்குறணைக்கு ஒரு தொகுதி வரும். உடுநுவரவிலோ கம்பளைப் பக்கத்திலோ கெட்டிக்காரத்தனமாகக் கோடு போட்டால் இன்னொன்று வரலாம், வராமலும் போகலாம். திகனக்கு ஒன்றும் வராது. தொகுதிவாரி முறை மட்டுமே இருந்தால் செறிவாக வாழ்பவர்களின் நிலையும் பாதுகாப்பானதல்ல. தமிழ்நாட்டின் வாணியம்பாடியைப் பாருங்கள். முஸ்லிம் வாக்குப் பலத்துக்குப் பேர்போன சட்டமன்றத் தொகுதி. 2016 இல் அ.தி.மு.க.வின் நிலோபர் கபீல் அங்கு வென்று அமைச்சரானார். 2021 இல் முஸ்லிம் லீக் வேட்பாளர் அங்கேயே தோற்றார், அதே அ.தி.மு.க. நிறுத்திய செந்தில்குமார் வென்றார். கைக்கு எட்டும் தொகுதிகளே சில என்றால், ஒவ்வொரு தோல்வியும் ஐந்து வருட மௌனம். அங்கே பட்டியல் என்ற ஊன்றுகோலும் இல்லை.

அதனால் என் நிலைப்பாடு இது. மாகாண சபைத் தேர்தலை இனியும் இழுத்தடிக்காமல், திருத்தச் சட்டம் கொண்டு வந்து பழைய விகிதாசார முறையில், விருப்பு வாக்கோடு, நடத்த வேண்டும். அதில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை வேட்பாளர் பட்டியலிலேயே சேர்க்கலாம். விருப்பு வாக்கு ஊழலை வளர்க்கிறது, ஒரே கட்சிக்குள் வெட்டுக் குத்தை உண்டாக்குகிறது என்பார்கள். அது செலவுக் கட்டுப்பாட்டால் தீர்க்க வேண்டிய நோய். 2023 இல் தேர்தல் செலவினச் சட்டம் வந்துவிட்டது. அதை இறுக்கிப் பிடிக்கட்டும்.

பேரம் பேசினால் போதும் என்று இருக்கும் நம் கட்சிகள் இம்முறை ஓர் எண்ணைக் காட்டட்டும்: எந்த முறையில் கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றிலும் எத்தனை முஸ்லிம் உறுப்பினர்கள் வருவார்கள் என்று. வாக்கெடுப்புக்கு முன்னர் காட்டட்டும். 2017 இல் சட்டம் நிறைவேறிய பிறகுதான் நம்மில் பலர் காகிதத்தை எடுத்தோம். ஆளும் தரப்பில் நம் மாவட்டத்திலிருந்து ஒரு முஸ்லிம் உறுப்பினர் இருக்கிறார். எதிர்த்தரப்பில் 2017 இல் ஆதரவாக வாக்களித்த கட்சியின் தலைவரே இருக்கிறார். இருவரையும் ஒரே மேடைக்கு அழைத்து இந்தக் கேள்வியை வைக்க, திகனயிலும் மடவளையிலும் கம்பளையிலும் உள்ள பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு கடிதத் தாளும் இரண்டு தொலைபேசி அழைப்பும் போதும்.